மாப்பிள்ளை வீட்டு வாசல்

தன்னைப் படம் எடுத்துக்கொள்ள வந்தவரிடம் ஸ்ரூடியோ அக்கா முதலில் கேட்பது ஒரே கேள்விதான். "உங்கட வீட்டு முன்கதவு உள்ளுக்குத் திறக்கிறதோ, வெளியில திறக்கிறதோ?"

பெயர், எத்தனை பிரதி, எப்போது வேண்டும் என்பதெல்லாம் அதற்குப் பிறகு. 1997இல் அடையாள அட்டைக்குப் படம் எடுக்கப் போனபோது என்னிடமும் கேட்டார். அப்போது எனக்கு முப்பத்திரண்டு வயது. வேலணைத் தபாற்கந்தோரில் எழுதுவினைஞர். அன்றாடம் நாட்குறிப்பு எழுதுகிறவன், மழை பெய்தால் எத்தனை மணிக்குத் தொடங்கி எத்தனை மணிக்கு விட்டது என்று குறித்து வைப்பவன். அப்படிப்பட்ட எனக்கு, நான் பிறந்து வளர்ந்த வீட்டின் கதவு எந்தப் பக்கம் திறக்கும் என்பது வாயில் வரவில்லை. வலது கையை நீட்டிக் காற்றில் தள்ளிப் பார்த்துவிட்டு, "உள்ளுக்கு" என்றேன்.

"பாத்தீரோ, உமக்குத் தெரியாது, கைக்குத் தெரியும்" என்றார்.

அவருடைய ஸ்ரூடியோ ஊர்காவற்றுறையில், இறங்குதுறைக்குப் போகும் வீதியில், பாதிக் கூரை ஓடும் பாதிக் கூரை தகரமுமான ஒரு பழைய கடையில் இருந்தது. பலகையில் வெள்ளைப் பூச்சால் 'படம் பிடிக்குமிடம்' என்று மட்டும் எழுதியிருக்கும். தன் பெயரை எங்கும் எழுதுவதை அவர் விரும்பியதில்லை, ஆகையால் நானும் எழுதவில்லை. ஊரார் ஸ்ரூடியோ அக்கா என்பார்கள். என்னைவிட ஏழெட்டு வயது கூடியவர். கழுத்தில் மெல்லிய சங்கிலியில் ஒரு சிலுவை, இடுப்பில் சேலைத் தலைப்போடு செருகிய அளவு நாடா. கொழும்பில் ஒரு ஸ்ரூடியோவில் படங்களுக்குத் தூரிகை பிடித்தவர் என்பதற்கு மேல் அவருடைய கதை எனக்குத் தெரியாது. கேட்டவர்களுக்கு, "அது பெரிய கதை, நீர் நாடியைக் கொஞ்சம் உயத்தும்" என்பதே பதில்.

பட்டினத்து ஸ்ரூடியோக்களில் அந்நாட்களில் அருவி, பனிமலை, அன்னம் நீந்தும் குளம் என்று திரைகள் தொங்கும். இவரிடம் அவை ஒன்றுகூட இல்லை. எல்லாம் தீவுப்பகுதி வாசல்கள். நெடுந்தீவின் பவளக்கல் மதிலும் அதன் படலைக் கதவும், புங்குடுதீவு வியாபாரிகளின் வீடுகளில் இருப்பது போன்ற உருண்டைத் தூண் முகப்பு, மாதா கோவிலின் பக்கவாசல் வளைவு. சில, திரையில் வரைந்தவை. சில, பனம் பலகையாலும் சாக்காலும் சுண்ணாம்பாலும் அவரே கட்டி நிமிர்த்தியவை. ஒவ்வொன்றுக்கும் பின்னால் மாதக்கணக்கான அளவெடுப்பு இருந்தது.

"ஏன் அக்கா, ஒரு அருவி கீறிவிட்டால் சனம் ஆசையா வருமே?" என்று கேட்டிருக்கிறேன்.

"பனிமலைக்கு முன்னால எங்கட சனம் விருந்தாளி மாதிரி நிக்குது தம்பி. தன்ர வாசல்ல நிண்டால்தான் ஆள் தன்ர உயரத்தில நிக்கும்."

இது வெறும் பேச்சில்லை என்பதை ஒரு நாள் கண்ணால் பார்த்தேன். நெடுந்தீவிலிருந்து ஒரு கிழவர் அடையாள அட்டைப் படத்துக்கு வந்திருந்தார். அந்தப் படத்துக்குப் பின்னால் வெள்ளைத் துணி தவிர எதுவும் இருக்கக்கூடாது. கிழவர் கதிரையில் தோளைக் குறுக்கி, சோதனைச் சாவடியில் நிற்பதைப் போலவே இருந்தார். அக்கா இரண்டு தரம் கமராவுக்குள் பார்த்துவிட்டு எழுந்துபோய், நெடுந்தீவுப் படலைத் திரையை இழுத்து வந்து கமராவுக்குப் பின்னால், கிழவரின் கண்ணுக்கு நேரே தொங்கவிட்டார்.

"இந்த மதில்ல கல்லு சரியா அடுக்கிக் கிடக்கோ எண்டு பாத்துச் சொல்லுங்கோ அப்பு."

கிழவர் கண்ணைச் சுருக்கினார். கழுத்து நீண்டது. முதுகு கதிரையை விட்டு எழுந்தது. "ரண்டாவது வரியில ஒரு கல்லு தலைகீழாக் கிடக்கு" என்றார், கல் கட்டிய ஒருவருக்கே உரிய அதிகாரத்தோடு. அந்தக் கணத்தில் படம் எடுத்து முடிந்துவிட்டது. பிறகு அக்கா ஏணி போட்டு ஏறி, இரண்டாவது வரியில் அந்தக் கல்லைத் திருத்தி வரைந்தார். அதையும் நான் பார்த்தேன்.

கந்தோர் அலுவலாகப் புங்குடுதீவுப் பக்கம் போகும்போது சில தடவை அவரை வழியில் கண்டிருக்கிறேன். ஆட்கள் இல்லாத வீடொன்றின் முன் சைக்கிளைச் சாய்த்துவிட்டு, தூணில் கடதாசியை ஒட்டி, கரிக்கட்டியால் உரசிச் செதுக்கு வேலையைப் பிரதி எடுத்துக்கொண்டிருப்பார். இறுப்பிட்டிச் சந்தியில் ஒருவர், "என்ன பிள்ளை, வீடு வாங்கிற யோசினையோ?" என்று நக்கலாகக் கேட்டார். "வீடு வேண்டாம் ஐயா, எனக்கு வாசல் மட்டும் காணும்" என்று திரும்பிப் பார்க்காமலே சொன்னார். அளவுகளில் அவர் காட்டிய நேர்மை என் நாட்குறிப்பையே எனக்கு அலட்சியமான வேலையாகத் தோன்றவைத்தது.

அவரிடம் ஒரு கண்டிப்பு இருந்தது. கட்டி நிமிர்த்திய வாசலின் பின்பக்கம் ஒருவரும் போகக்கூடாது. கரண்ட் வயரை எடுத்துத் தருகிறேன் என்று நான் ஒரு முறை எட்டிப் பார்க்கப் போய், "தம்பி, அது என்ர குசினி" என்று, சமையலறைக்குள் ஆள் நுழைவதைத் தடுப்பவர் போலக் கையைக் குறுக்கே நீட்டி மறித்துவிட்டார்.

போர்நிறுத்தத்தோடு சமாதான காலம் வந்ததும் கப்பலில் வந்த பழைய கணினி ஒன்றை வாங்கினார். வீடியோவை வெட்டி ஒட்டிச் சீடீயில் பதிந்து கொடுக்கத் தொடங்கினார். அதிலும் வாசல்தான். "படத்தில கதவு திறக்குது, சத்தம் வரேல்ல எண்டால் அது கதவில்லை, அட்டை" என்று சொல்லி, பழைய கதவுகளின் பிணைச்சல்களைத் தேடிப் பெட்டி பெட்டியாகச் சேர்த்தார். ஒவ்வொன்றையும் ஆட்டிப் பார்த்து, எந்த வீட்டுக் கதவு எப்படிக் கத்தும் என்று சொல்வார்.

2004இல் என் தங்கச்சிக்குக் கலியாணம் பேசி வந்தது. மாப்பிள்ளை வெளிநாட்டில், சொந்த ஊர் புங்குடுதீவு. தாயும் மகனும் ஒரு மாத லீவில் வந்தார்கள். மாப்பிள்ளையின் தாயை நான் மாமி என்றே கூப்பிட்டேன். 1990இல் ஊரை விட்டவர், பதினாலு வருடத்துக்குப் பிறகு வருகிறார். அவர்களுடைய வீடு கடற்படை முகாமுக்குள் இருந்தது. வேலி வரைக்கும்கூடப் போக ஏலாது.

கலியாணம் முடிந்து பெண்ணும் மாப்பிள்ளையும் மாப்பிள்ளை வீட்டுக்குப் போவதை எங்கள் பக்கம் கால்மாறுதல் என்போம். அந்த வாசலில் தாய் ஆராத்தி எடுத்து மருமகளை உள்ளே கூப்பிட வேண்டும். மாமி எல்லாவற்றுக்கும் சம்மதித்தார். இதில் மட்டும் அழுதுவிட்டார். "ஆரோ ஒருத்தரின்ர வீட்டு வாசல்ல நான் ஆராத்தி எடுக்கமாட்டன்."

நான்தான் ஸ்ரூடியோ அக்காவிடம் கூட்டிப்போனேன். இருபது நாளில் கட்டித் தருகிறேன் என்றார். அந்த வீட்டின் படம் ஒன்றுகூட எவரிடமும் இல்லை. அக்கா மாமியைக் கண்ணை மூடச் சொன்னார்.

"இப்ப நீங்கள் வாசல்ல நிக்கிறியள். தாழ்ப்பாள் எங்க?"

மாமி கையைத் தூக்கித் தோளுக்கு நேரே பிடித்தார். அக்கா நிலத்திலிருந்து அந்தக் கைவரைக்கும் நாடாவைப் பிடித்தார். விளக்கு வைக்கும் மாடம் எங்கே என்றதற்கு மாமி காதைத் தொட்டு, "இதுக்கு மேல நாலு விரல்" என்றார். கதவு நிலையின் மேற்சட்டமான மேல்நிலைக்கு, உயர்த்திய கையின் நடுவிரல் நுனி. இடுப்பில் கைகளை ஊன்றினால் இரண்டு முழங்கையும் இரண்டு பக்க நிலையிலும் படுமாம், அதுதான் அகலம். படியின் உயரம் முழங்காலுக்கு நான்கு விரல் கீழே. எல்லாம் உடம்பிலேயே எழுதியிருந்தது. அக்கா ஒவ்வொன்றாக வாசித்து எடுத்தார்.

மாப்பிள்ளையின் சித்தப்பா வேலணையில் இருக்கிறார், மேசன் வேலை செய்தவர். அவரையும் தனியே கூப்பிட்டுக் கேட்டார். அகலமும் படியும் ஒத்துப்போயின. தாழ்ப்பாளையும் மாடத்தையும் மேல்நிலையையும் மட்டும் சித்தப்பா ஒன்றரை அங்குலம் கூட்டிச் சொன்னார்.

"நடுவை எடுத்துவிட்டால் என்ன அக்கா? முக்கால் அங்குலம்" என்றேன்.

"நடுவில ஒருத்தரும் நிக்கிறேல்லத் தம்பி" என்றார். சித்தப்பாவை மறுபடி கூப்பிட்டு அரை மணி நேரம் பேசினார். பிறகு மாமியின் அளவிலேயே கட்டினார். சித்தப்பாவுக்கு மறதி என்று முடிவு செய்துவிட்டார் என நான் நினைத்தேன். நாட்குறிப்பிலும் அப்படியே எழுதினேன்.

கால்மாறுகிற நாள் காலை ஒன்பது பத்துக்கு மாமி ஸ்ரூடியோவுக்குள் வந்தார். அந்த வாசலைக் கண்டதும் நின்றுவிட்டார். ஆராத்தித் தட்டு இடது கையில் இருந்தது. வலது கை தானாகப் போனது. பார்க்காமலே போன அந்தக் கை நேராகத் தாழ்ப்பாளில் போய் இருந்தது. கதவு கத்தித் திறந்தது. அக்கா உள்ளே எங்கேயோ விளக்கு வைத்து, நாற்சார் வீட்டின் நடுமுற்றத்திலிருந்து வருவது போலச் சாய்ந்த வெயிலை விழுத்தியிருந்தார். மாமி நிமிர்ந்து நின்று, என் தங்கச்சியின் பெயரைச் சொல்லி, "வா மோனை, வலக்காலை வைச்சு வா" என்றார்.

கலியாணப் பட அல்பத்தை ஒழுங்குபடுத்தியவன் நான். ஒவ்வொரு படத்துக்கும் கீழே நாள், நேரம், இடம் எழுதினேன். அந்தப் படத்தின் கீழ், 'கால்மாறல், மாப்பிள்ளை வீட்டு வாசல், புங்குடுதீவு' என்று எழுதினேன். யோசிக்கவே இல்லை. அன்றைக்கு அங்கே நின்ற எவரைக் கேட்டிருந்தாலும் அப்படித்தான் எழுதியிருப்பார்.

அந்த ஒரு வரி என் தங்கச்சியின் வாழ்க்கையை ஒன்றரை வருடம் கட்டிப்போட்டது.

மாப்பிள்ளை திரும்பிப்போன பிறகு அவளும் போக விசா கேட்டபோது, கொழும்பில் தூதரக நேர்முகத்தில் அந்தப் படத்தைக் காட்டி இந்த வீடு எங்கே என்று கேட்டிருக்கிறார்கள். கடற்படை முகாமுக்குள், ஒருவரும் போக ஏலாது என்று தங்கச்சி உண்மையைச் சொன்னாள். அப்படியென்றால் இந்தப் படம்? ஸ்ரூடியோவில் கட்டியது என்றாள். அதிகாரி சீடீயை ஓடவிட்டு, கதவின் சத்தத்தையும் முற்றத்து வெயிலையும் பார்த்து, படத்தின் கீழே நான் எழுதியதையும் மொழிபெயர்ப்பித்துக் கேட்டுவிட்டு, இது பொய் என்றால் தாலி கட்டிய படமும் பொய்தானே என்று கேட்டாராம். விசா மறுக்கப்பட்டது. மேன்முறையீட்டில் இழுபட்டு, 2006 தொடக்கத்தில் கடைசியாக ஒரு கடிதம் வந்தது. ஆறு கிழமைக்குள் நம்பத்தகுந்த சான்று தரலாம் என்றிருந்தது. அதற்குள் சமாதானமும் ஆட்டம் காணத் தொடங்கியிருந்தது. கொழும்புக்குப் போகும் பாதை எந்த நாளும் பூட்டப்படலாம். பூட்டினால் அவள் இங்கேயே அகப்பட்டுவிடுவாள்.

நான் அக்காவிடம் போனேன். "இது ஸ்ரூடியோவில கட்டினது எண்டு ஒரு கடிதம் எழுதித் தாங்கோ."

"கடிதத்தை நம்புவினமோ? உம்மட எழுத்தை நம்பித்தானே இவ்வளவும்" என்றார். அது குத்தலாகவும் இருந்தது, சிரிப்பாகவும் இருந்தது. பிறகு குரலைத் தாழ்த்தினார்.

"முகாமுக்குள்ள கிடக்கிற வீட்டின்ர அளவு என்னட்டக் கிடக்குத் தம்பி. அது தெரியிற மாதிரி ஒரு படம் சாவடியில அம்பிட்டால் எனக்கு என்ன நடக்கும் எண்டு யோசிச்சனீரோ?"

நான் யோசிக்கவில்லை. அப்படியே சொன்னேன்.

"வியாழக்கிழமை தங்கச்சியைக் கூட்டிக்கொண்டு வாரும். கூறைச்சீலையோட" என்றார்.

வியாழக்கிழமை போனோம். பிரித்து வைத்திருந்த வாசலை அவர் மறுபடி நிமிர்த்தியிருந்தார். தங்கச்சியைப் பழைய இடத்திலேயே நிற்க வைத்து முன்னாலிருந்து ஒரு படம் எடுத்தார், பக்கத்திலிருந்து ஒன்று. பிறகு என்னைப் பார்த்து, "இஞ்சால வாரும்" என்றார். ஒன்பது வருடத்தில் முதல் தடவையாக அவருடைய குசினிக்குள் போனேன்.

பின்னால் வீடு இல்லை. சீமெந்துப் பையும் அரிசிச் சாக்கும் ஆணியில் இழுத்து அறைந்திருந்தன. கயிறுகள், கட்டைகள், விழாமல் இருக்கப் பாரமாக வைத்த பவளக்கற்கள். கதவிடுக்கால் தங்கச்சியின் கூறைச்சீலை சிவப்பாகத் தெரிந்தது. பலகைகள் முழுவதும் மேசன் பென்சிலால் எழுத்து. அங்குலக் கணக்கு ஒன்றுகூட இல்லை. 'தாயின் தோள்'. 'தாயின் காதுக்கு மேல் நாலு விரல்'. 'தாயின் நடுவிரல் நுனி'. 'தாயின் முழங்கை, இரண்டும்'. ஒரு மனுசியை நிலைக்கும் கதவுமாகப் பிரித்து அடுக்கியிருந்தார்.

கமராவை என் கையில் தந்தார். "கட்டினவளும் படத்தில நிக்கவேணும், இல்லாட்டி நம்பாயினம்." அதுவரை அவர் படத்துக்கு நின்றதை எவரும் கண்டதில்லை. சேலைத் தலைப்பை இழுத்துச் செருகிக்கொண்டு பலகைகளின் முன் வந்து, ஒரு பலகையில் வலது உள்ளங்கையை விரித்து வைத்தார்.

"அக்கா, கை எழுத்தை மறைக்குது" என்றேன்.

"மறைக்கட்டும்."

"ஒரு வரி தெரியாமப் போகுது அக்கா. எல்லாம் தெரிஞ்சால் நல்லதுதானே?"

"மற்றதெல்லாம் தெரியுதுதானே. காணும், அமத்தும்."

அமத்தினேன்.

படங்களைத் தூதரகத்துக்கு அனுப்ப நானே கொண்டுபோனேன். யாழ்ப்பாணத்துக்குள் நுழையும் பண்ணைச் சாவடியில் ஒரு கடற்படைப் பையன் உறையைத் திறந்து, பின்பக்கப் படத்தை அப்படியும் இப்படியும் திருப்பிப் பார்த்தான். "இது என்ன?" "கதவு." "கதவுக்குப் பின்னால ஆரும் படம் எடுக்கிறதா?" என்று கொச்சைத் தமிழில் கேட்டுச் சிரித்துவிட்டுத் திருப்பித் தந்தான். ஐந்தாவது கிழமை விசா வந்தது. பாதை பூட்ட முன்பே தங்கச்சி போய்ச் சேர்ந்தாள்.

அல்லைப்பிட்டிப் படுகொலைக்குப் பிறகு தீவுகளில் கடைகள் வெயில் சாய முன்பே பூட்டப்பட்டன. படம் எடுக்க வருவாரும் இல்லை. ஒரு நாள் ஒரு லாண்ட்மாஸ்டர் உழவு மெசின் எங்கள் வீட்டுக்கு முன்னால் வந்து நின்றது. அதன் இழுவைப் பெட்டியில் அந்த வாசல், பலகை பலகையாகச் சாக்கில் சுற்றிக் கட்டி இருந்தது. அக்கா இறங்காமலே சொன்னார்: "உம்மட தங்கச்சியின்ர புகுந்த வீடு. நீர் வைச்சிரும்." எங்கே போகிறீர்கள் என்று கேட்டேன். "அது பெரிய கதை" என்றார். பிறகு அவரை நான் காணவில்லை. மன்னாரில் கண்டதாக ஒருவரும், கடல் தாண்டிவிட்டதாக ஒருவரும் சொன்னார்கள். உறுதியாகத் தெரியாததால் இரண்டையும் நாட்குறிப்பில் சேர்க்கவில்லை.

போர் முடிந்த 2009இன் கடைசியில் முகாமைச் சுருக்கி, சில வீடுகளைத் திறந்துவிட்டார்கள். மாமியின் வீடும் அதில் ஒன்று. நானும் சித்தப்பாவும் போனோம். கூரை இல்லை, கதவுகள் இல்லை. முன்வாசல் நிலையும் மாடமும் தாழ்ப்பாள் விழும் துளையும் மட்டும் அப்படியே நின்றன. பாக்கெட்டிலிருந்து நாடாவை எடுத்தேன். ஸ்ரூடியோ வாசலின் அளவுகள் நாட்குறிப்பில் இருந்தன.

அகலம் சரி. படியின் உயரம் சரி. தாழ்ப்பாள் துளை ஸ்ரூடியோ அளவைவிட ஒன்றரை அங்குலம் உயரத்தில் இருந்தது. மாடமும் அப்படியே. மேல்நிலையும் அப்படியே.

"நான் அப்பவே சொன்னனான்" என்றார் சித்தப்பா.

அக்காவும் பிழைவிட்டிருக்கிறாரே என்ற ஏமாற்றத்தோடு வீட்டுக்கு வந்து, சாக்குகளை அவிழ்த்துப் பலகைகளைக் கொட்டிலில் வரிசையாக வைத்தேன். படத்தில் அவருடைய உள்ளங்கை இருந்த இடம் எந்தப் பலகை என்று எனக்குத் தெரியும். அதில் பென்சில் எழுத்து அழியாமல் இருந்தது.

'சித்தப்பா சொல்வது சரி. தாய் பதினாலு வருடத்தில் ஒன்றரை அங்குலம் இறங்கிவிட்டா. தாயின் கைக்கு வைக்கவும்.'

முழங்காலால் அளந்த படி சரியாக இருந்ததும், முழங்கையால் அளந்த அகலம் சரியாக இருந்ததும், இடுப்புக்கு மேலே உயரத்தால் அளந்தவை மட்டும் குறைந்ததும் ஏன் என்று அப்போதுதான் விளங்கியது: வயதில் மாமியின் முதுகு குறுகியிருந்தது. பார்க்காமல் போன அந்தக் கை தாழ்ப்பாளைத் தொட்டதும் அதனால்தான். தூதரகத்துக்குப் போகும் படத்தின் பிரதி மாமிக்கும் போகும் என்று அக்காவுக்குத் தெரியும். மாமி அதை வாசிக்கக்கூடாதென்றே அந்த வரியை உள்ளங்கையால் மூடியிருக்கிறார்.

அந்த ஞாயிற்றுக்கிழமை மாமி தொலைபேசியில் கூப்பிட்டார். "தம்பி, வாசலைப் பாத்தனீரோ? எப்பிடிக் கிடக்கு? அந்தப் பிள்ளை கட்டினது மாதிரித்தானே?"

"ஓம் மாமி. ஒரு நூல் பிசகேல்ல" என்றேன்.

"எனக்குத் தெரியும்" என்றார்.

மாமி காலமாகி ஒரு வருடம் ஆகிறது. அதனால்தான் இதை இப்போது எழுதுகிறேன். அந்த வீட்டை அளந்த நாளின் நாட்குறிப்பை எடுத்துப் பார்த்தேன். வீட்டுக்குப் போன நேரம், திரும்பிய நேரம், அகலம், படியின் உயரம் எல்லாம் இருக்கின்றன. தாழ்ப்பாளின் உயரத்துக்கு நேரே ஒன்றும் எழுதவில்லை.